ஒரு பெட்டியும் பல செவிகளும்

ஒரு வீட்டில் ஐவர் இருப்பின் ஐவர் வயிற்றுக்கும் ஒரே உலையில் சோறு பொங்கிவிடலாம். ஐவர் செவிக்கும் ஒரே ஒலியை வார்த்துவிட முடியாது. ஒருவர்க்கு அது மெல்லியதாக வேண்டும். மற்றொருவர்க்கு உரக்க வேண்டும். பாடம் படிக்கும் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். இச்சிறிய உண்மையை உள்ளபடி அறிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது. ஒலியை வழிநடத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் இவ்வளவு காலம் இதனை அறியாதிருந்தான் எனின், அது வெட்கத்திற்குரியதேயாகும். அவ்வெட்கத்தை மறையாது எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் என் தொழில் இன்னதென்று கூறிவிடுதல் நலம். யான் பினாங்கைச் சேர்ந்த பாயான் லெப்பாஸில் ஒரு ஸ்தாபனத்தில் கம்ப்யூட்டர்களுக்கு 'டிரைவர்' எழுதுபவன். சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். எனக்கு வேலை கிடைத்த புதிதில், "மகனுக்கு என்ன வேலை?" என்று கேட்டவர்க்கெல்லாம் என் அன்னையார், "பினாங்கில் டிரைவர் வேலை" என்று பெருமையுடன் சொல்லி வந்தார். "லோரியா, பஸ்ஸா?" என்று அடுத்த கேள்வி வரும். "கம்ப்யூட்டராம்" என்பார். கேட்டவர் இரக்கத்தோடு தலையசைத்துவிட்டுப் போவார்.

அந்த டிரைவர் யார்? தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. அக்காலத்தில் துரைக்கு ஆங்கிலம் தெரியும்; தொழிலாளர்க்குத் தமிழ் தெரியும்; இருவர்க்கும் இடையே நின்று ஏவலைக் கீழேயும் நிலைமையை மேலேயும் கொண்டுசென்றவர் கிராணியார். கம்ப்யூட்டரிலும் அங்ஙனமே. பாட்டை ஒலிக்கும் மென்பொருள் ஒரு மொழி பேசும். ஒலியை உண்டாக்கும் சில்லு வேறொரு மொழி பேசும். இரண்டிற்கும் நடுவே நிற்கும் சிறு நிரலே டிரைவர். கிராணியார் நல்லவராயின் தொழிலாளர்க்கு உரியது முழுவதும் வந்து சேரும். அவர் உள்ளதை மறைப்பவராயின், துரையிடமிருந்து வந்தது இவ்வளவுதான் என்று நம்பிக் கீழுள்ளோர் காலங்கழிப்பர். இவ்வுவமையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில் அவ்வாறு மறைத்த கிராணி யானே.

நிற்க. மேசைமேல் வைக்கும் கம்ப்யூட்டர் ஒன்றின் பின்புறத்தைப் பாருங்கள். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று வண்ணமிட்ட வட்டத் துளைகள் வரிசையாக இருக்கும். பச்சைத் துளையில் ஸ்பீக்கரைச் செருகுவோம், இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்குரியது. சில பெட்டிகளின் முன்புறத்திலும் ஹெட்போனுக்கென ஒரு துளை உண்டு. ஒலி வெளிவரும் இத்துளைகளை இக்கட்டுரையில் ஒலிவாய் என்று குறிப்பிடுவேன். ஒலிவாய் மூன்று இருந்தால் ஒலியும் மூன்று என்று எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. லயத்தில் ஒரே குழாயிலிருந்து மூன்று பைப்புகள் பிரிவதும் உண்டு. மூன்று தனிக் குழாய்கள் வருவதும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதலாவதில் எல்லாப் பைப்பிலும் ஒரே நீர். இரண்டாவதில் ஒன்றில் சுடுநீரும் மற்றொன்றில் தண்ணீரும் விடலாம். சில்லுக்குள்ளே எது இருக்கிறது என்பதைத் தோண்டிப் பார்த்தறிந்து மேலே சொல்ல வேண்டியது டிரைவரின் கடமை.

இதில் காலத்தால் நேர்ந்த மாறுதலையும் கூற வேண்டும். 1997ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய பழைய ஒலி அமைப்பில் பெரும்பாலும் ஒலித்தாரை ஒன்றே. பிற வாய்கள் அதன் கிளைகள். 2004ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ' என்னும் புதிய விதிநூலை வெளியிட்டனர். இதில் ஒலிச் சில்லானது பல சிறு உறுப்புகளின் கூட்டமாக அமைந்தது. எண்களை மின்னலையாக மாற்றும் 'மாற்றி' ஓர் உறுப்பு. பல வழிகளைக் கலக்கும் 'கலப்பி' ஓர் உறுப்பு. வெளியே துளையோடு இணைந்த 'முனை' ஓர் உறுப்பு. ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் உண்டு. "நீ யார்? உன்னோடு இணைந்தவர் யாவர்?" என்று டிரைவர் ஒவ்வொன்றையும் கேட்கலாம், அதுவும் விடை கூறும். ஒரு குடும்பத்தின் உறவுமுறையை விசாரித்து அறிவதைப் போன்றதே இது.

அஃதன்றியும், ஒவ்வொரு முனையும் 32 இருமச் செய்திகளில் தன் வரலாற்றைத் தாங்கி நிற்கும். துளை உண்மையில் வெளியே தெரிகிறதா, பெட்டியின் எப்பக்கத்தில் இருக்கிறது, ஸ்பீக்கருக்கா ஹெட்போனுக்கா, அதன் நிறம் யாது என்பனவெல்லாம் அதில் உள. அவற்றோடு கூட்டு எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். ஒரே கூட்டு எண் உடைய முனைகள் சேர்ந்து ஒரே ஒலிக் குழுவாக நிற்பன. வேறு வேறு கூட்டு எண் உடையன தனித்து நிற்பன. இத்துணை ஏற்பாடும் எதற்காக? ஒரு பெட்டியிலிருந்து ஒரே நேரத்தில் இருவேறு ஒலிகள் இருவேறு இடங்களுக்குச் செல்ல இயல வேண்டும் என்பதற்காகவே. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவும் ஒவ்வோர் ஒலிவாயையும் தனித்தனியே பயனர்க்குக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. லினக்ஸில் 'ஆல்சா' என்னும் ஒலி அமைப்பும் ஒரே அட்டையின்கீழ்ப் பல ஒலிக்கருவிகளை வகுத்துக் காட்டும் அமைப்புடையதே. ஆகவே வழி இல்லாமல் இல்லை. வழியை அடைத்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்.

இனி என் தந்தையாரைப் பற்றிக் கூறுகிறேன். அவர் தோட்டத்து ரப்பர் ஆலையில் 31 ஆண்டுகள் உழைத்தவர். ரப்பர்ப் பாலைத் தகடாக்கும் உருளைகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேளாது. தொழிற்சாலை இரைச்சலைக் கட்டுப்படுத்தும் விதிகள் மலேசியாவில் 1989ஆம் ஆண்டில் வந்தன; 2019ஆம் ஆண்டில் அவை மேலும் கடுமையாக்கப்பட்டன. என் தந்தையார் அவ்வாலையில் நுழைந்தபோது அத்தகைய விதி ஒன்றும் இல்லை. காதில் பஞ்சைத் திணித்துக்கொள்வதே அவர்கள் அறிந்த காப்பு. ஓய்வு பெற்றபோது கையில் கொஞ்சம் பணமும் காதில் ஓயாத ரீங்காரமும் அவருக்கு மிஞ்சின.

இரைச்சலால் வரும் செவிக்குறை ஒரு விந்தையான குறை. அது எல்லா ஒலியையும் ஒருசேரக் குறைப்பதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 4,000 அதிர்வுகள் உள்ள உயர்ந்த ஒலிகளையே முதலில் தின்னும். பேச்சில் ச, ஸ, த, க போன்ற எழுத்துக்களின் கூர்மை அப்பகுதியைப் பெரிதும் சார்ந்தது. ஆ, ஓ என்னும் தாழ்ந்த ஒலிகள் நன்றாகவே கேட்கும். அதாவது உயிர் கேட்கும்; மெய் கேட்காது. "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் விளங்கவில்லை" என்று என் தந்தையார் அடிக்கடி கூறுவார். ஒலியை உயர்த்தி வைத்தால் தாழ்ந்த பகுதியும் சேர்ந்து உயர்ந்து மற்றவர் தலை வலிக்குமேயன்றி, அவருக்குத் தெளிவு பிறக்காது. இதை உணர்ந்த நான் அவருக்கு நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரும் நான் அனுப்பியதே. அதனுள் ஒலிக்கு ஓடிய டிரைவர் எங்கள் ஸ்தாபனத்தார் செய்தது; அதில் பெரும்பகுதி என் கையால் எழுதப்பட்டது.

2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் நாட்டின் பதினான்காவது பொதுத்தேர்தல் நடந்தது. வாக்களிப்பதற்காக யானும் ஊர் சென்றிருந்தேன். அன்றிரவு அன்னையார், தங்கை, அவள் கணவர், எட்டு வயது மகள், அயல்வீட்டார் நால்வர் என யாவரும் கூடத்தில் அக்கம்ப்யூட்டரைச் சூழ்ந்து அமர்ந்து முடிவுகளை எதிர்நோக்கியிருந்தோம். 1957 முதல் ஆண்டுவந்த கூட்டணி முதன்முறையாகத் தோற்ற இரவு அது. முடிவுகள் தாமதித்து வந்தன. நள்ளிரவு கடந்தும் எவர்க்கும் உறக்கம் இல்லை.

தந்தையார் தம் ஹெட்போனைக் கொண்டுவந்து முன்புறத் துளையில் செருகினார். அக்கணமே ஸ்பீக்கர் ஊமையாயிற்று. "ஐயோ, என்ன ஆயிற்று?" என்று எல்லாரும் கூவினர். அவர் செருகியை எடுத்தார், ஸ்பீக்கர் பேசிற்று. மீண்டும் செருகினார், மீண்டும் ஊமை. மூன்றாம் முறை அவர் செருகவில்லை. ஹெட்போனை மெதுவாகச் சுருட்டி மடிமேல் வைத்துக்கொண்டு, "நீங்கள் கேளுங்கள்" என்றார். அதன்பின் விடியும் வரை அவர் திரையைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். நாங்கள் திகைத்தால், "யாராம்? எத்தனையாம்?" என்று அன்னையாரின் தோளைத் தொட்டுக் கேட்பார். அன்னையாரும் இரண்டு முறை சொல்லுவார். மூன்றாம் முறை, "இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்பார்.

அறுபது ஆண்டு காலம் காத்திருந்து ஒரு மனிதர் காண வந்த காட்சி அது. அதனை அவர் பிறர் முகத்தில் பார்த்தறிய வேண்டியதாயிற்று. அதற்குக் காரணம் விதியன்று, அவர் செவிக்குறையுமன்று. ஹெட்போன் செருகப்பட்டால் ஸ்பீக்கரை அடைத்துவிடு என்று நான் எழுதி வைத்த ஒரு கட்டளையே காரணம்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அச்சில்லின் உள்ளமைப்பைப் பட்டியலாக எடுத்துப் பார்த்தேன். அதில் மாற்றிகள் இரண்டு இருந்தன. முன்புற ஹெட்போன் முனைக்கு இரண்டாம் மாற்றியோடு நேரான வழி இருந்தது. அவ்வழியை எங்கள் டிரைவர் ஒரு நாளும் திறந்ததில்லை. எல்லா முனைகளையும் முதல் மாற்றியிலேயே கட்டிவிட்டு, இரண்டாவதை உறங்க விட்டிருந்தோம். வடிவமைப்புக் குறிப்பில், 'சாதாரணப் பயனர்க்கு ஓர் ஒலியே போதும்' என்று ஒரு வரி இருந்தது. அவ்வரியை எழுதியவனும் நானே. சாதாரணப் பயனர் என்று நான் யாரைக் கருதினேன்? நல்ல செவியுடைய, தனியறையில் அமர்ந்திருக்கும், என்னைப் போன்ற ஒருவனைத்தான். லயத்துக் கூடத்தில் ஒன்பது பேரோடு அமர்ந்திருக்கும் என் தந்தையார் என் கணக்கில் வரவேயில்லை.

அன்று மாலையே அவசரத்திற்கு ஒரு மாற்று வழி செய்து பார்த்தேன். யூ.எஸ்.பி. துளையில் பொருத்தும் தனி ஹெட்போன் ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். தந்தையார் மகிழ்ந்தார். ஆனால் ஒரு மணி நேரம் சென்றபின், "தம்பி, இரண்டு பேர் பேசுகிற மாதிரி இருக்கிறது" என்றார். காரணம் இதுதான். அந்த ஹெட்போனுக்குள் ஒரு கடிகாரம். கம்ப்யூட்டரின் சில்லுக்கு வேறொரு கடிகாரம். நொடிக்கு 48,000 ஒலித்துணுக்குகள் என்று இரண்டும் சொல்லிக்கொண்டாலும், இரு கடிகாரங்கள் அணுவளவும் பிசகாது ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2.4 துணுக்குகள் பிந்தும். ஒரு மணி நேரத்தில் அது 8,640 துணுக்குகளாகும், அதாவது 0.18 நொடி. ஸ்பீக்கரின் ஒலி ஹெட்போனையும் கடந்து காதில் விழும்போது, அது எதிரொலியாகிக் குழப்பும். ஒரே சில்லின் இரு மாற்றிகளுக்கோ ஒரே கடிகாரமே நாடி. எத்தனை மணி நேரம் ஓடினும் அவை பிரியா. ஆகவே சரியான மருந்து உள்ளேயே இருந்தது. நான்தான் அதைப் பூட்டி வைத்திருந்தேன்.

பினாங்கு திரும்பியதும் டிரைவரைத் திருத்த வேண்டுமென்று என் மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் கெட்டவர் அல்லர். "இரவில் ஹெட்போன் போடுகிறவன் ஸ்பீக்கர் அடங்க வேண்டுமென்றுதானே விரும்புவான்? அடங்கவில்லையானால் நமக்குத்தானே புகார் வரும்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பெரும்பாலோர்க்கு அதுவே வேண்டும். நான் சொன்னது இது ஒன்றே: "வழக்கம் அப்படியே இருக்கட்டும் ஐயா; ஆனால் வழக்கத்தை மாற்றிக்கொள்ளும் சாவி வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும்." பல வாரம் வாதாடியபின், என் ஓய்வு நேரத்தில் செய்துகொள்ள இசைவு கிடைத்தது. அவ்வேலையில் நான் கற்ற பாடங்களை இங்கே கூறுதல் பயனுடையதாகும்.

முதற் பாடம், எண்ணுதல். ஒலிவாய்களை எண்ணுதல் பயனற்றது. மாற்றிகளை எண்ண வேண்டும். ஒவ்வொரு முனையிலிருந்தும் பின்னோக்கி நடந்து, எந்த மாற்றியை அது அடையக்கூடும் என்று பார்க்க வேண்டும். எங்கள் சில்லில் முனைகள் மூன்று, மாற்றிகள் இரண்டு. யாருக்கு எதைக் கொடுப்பது? லினக்ஸ் டிரைவரில் இதற்கு ஓர் அழகிய முறை உண்டு. பலவகையாகப் பங்கிட்டுப் பார்த்து, ஒவ்வொரு பங்கீட்டிற்கும் தீமையின் அளவாக ஓர் எண் இடுவர். ஒரு முனைக்கு மாற்றியே கிடைக்காவிடில் பெருந்தீமை. இருவர் ஒன்றைப் பகிர்ந்துகொண்டால் அதற்குக் குறைந்த தீமை. ஒலியளவைத் தனியே ஆள முடியாவிடில் அதற்கும் ஓர் எண். தீமை மிகக் குறைந்த பங்கீடே வெல்லும். நன்மையைத் தேடுவதைவிட, எவருக்கு எவ்வளவு தீங்கு நேருகிறது என்று எண்ணிப் பார்ப்பது எவ்வளவு அறிவுடைய முறை என்று வியந்தேன்.

இரண்டாம் பாடம், பிரித்தல். தனி ஒலி என்று சொல்லிவிட்டால் போதாது; அடிமுதல் நுனிவரை தனியாக இருக்க வேண்டும். இரண்டு பக்க ஒலிக்கு, துணுக்கொன்றுக்கு இரண்டு பைட்டு வீதம், நொடிக்கு 192,000 பைட்டுகள் ஓடுகின்றன. இவற்றை மென்பொருள் ஒரு வட்டத் தொட்டியில் ஊற்ற, சில்லு மறுபக்கத்தில் உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். பத்து மில்லிநொடிக்கு ஒருமுறை 1,920 பைட்டுகளை நிரப்பத் தவறினால் தொட்டி வறண்டு ஒலி விக்கும். ஆகவே ஒவ்வொரு தாரைக்கும் தனித் தொட்டி வேண்டும். ஒவ்வொரு தாரைக்கும் 1 முதல் 15 வரை ஓர் எண் இடப்படும். எந்த மாற்றிக்கு எந்த எண் சொல்லப்பட்டதோ அது அத்தாரையையே கேட்கும். இரண்டு மாற்றிக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றையே ஒப்பிக்கும். வேறு எண் கொடுத்தால் வேறு பேசும். சுதந்திரம் என்பது இங்கே நான்கு இருமங்களில் அடங்கிய ஓர் எண்ணாகும்.

இதில் நான் தடுக்கி விழுந்த இடமும் உண்டு. முதற் சோதனையில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்போன் தாரையைத் திறந்தேன். பாட்டு 'டப்' என்று வெட்டுண்டு மீண்டும் தொடர்ந்தது. தேடிப் பார்த்ததில், எந்தத் தாரையைத் திறந்தாலும் சில்லு முழுவதையும் துடைத்துப் புதிதாக அமைக்கும்படி என் பழைய நிரல் எழுதப்பட்டிருந்தது. ஒரே பிள்ளை இருந்த வீட்டில் அது குற்றமாகத் தெரியவில்லை. இரண்டாம் பிள்ளை பிறந்தபோது மூத்ததன் தட்டைப் பிடுங்குவதாக முடிந்தது. இன்னொன்றும் கண்டேன். எல்லாத் தாரைக்கும் நான் ஒரே பூட்டு வைத்திருந்தேன். ஒருவர் உள்ளே நுழைந்து பூட்டிக்கொண்டால் மற்றவர் தொட்டியை நிரப்ப முடியாமல் வாயிலில் காத்து நின்றார். சில்லோடு பேசும் அச்சிறு பொழுதுக்கு மட்டும் பொதுப்பூட்டு என்றும், மற்ற வேலைக்கெல்லாம் அவரவர்க்கு அவரவர் பூட்டு என்றும் மாற்றியபின்பே விக்கல் நின்றது.

மூன்றாம் பாடம், பொய் கூறாமை. மூன்றாவது முனைக்குத் தனி மாற்றி இல்லை. அது பின்புற ஸ்பீக்கரோடு முதல் மாற்றியைப் பகிர்ந்தே ஆக வேண்டும். அதனையும் தனி ஒலிவாய் போலப் பட்டியலில் காட்டிவிட்டால் பார்ப்பதற்குப் பெருமையாக இருக்கும். 'மூன்று தனி ஒலி' என்று அட்டைப் பெட்டியில் அச்சிடவும் விற்பனையார் விரும்பினர். ஆனால் நம்பி ஒருவர் அதனைத் திறந்தால், ஸ்பீக்கரில் ஓடுவதே அங்கும் ஓடும். அல்லது 'இடமில்லை' என்று முகத்திலடித்தாற்போல மறுமொழி வரும். ஆகவே, 'இது ஸ்பீக்கரின் கிளை' என்று வெளிப்படையாகவே காட்டினேன். இல்லாததை உண்டென்று சொல்வதும், உள்ளதை இல்லையென்று மறைப்பதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். முன்னே நான் செய்தது இரண்டாவது. முதலாவதைச் செய்து அதற்குப் பிராயச்சித்தம் தேட நான் விரும்பவில்லை.

நான்காவது பாடமே தலையாயது. எந்தச் செவிக்கு எந்த ஒலி என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் டிரைவருக்கு இல்லை. செருகி செருகப்பட்டதென்று சில்லு செய்தி அனுப்பும். அதை உள்ளபடி மேலே தெரிவிப்பதோடு டிரைவரின் கடமை முடிகிறது. ஸ்பீக்கர் அடங்க வேண்டுமா, இரண்டும் பேச வேண்டுமா, இரண்டும் வேறு வேறு பேச வேண்டுமா என்பது அவ்வீட்டாரின் விருப்பம். வழக்கம் ஒன்றை வைக்கலாம்; வழக்கத்தைச் சட்டமாக்கலாகாது.

2019ஆம் ஆண்டின் இறுதியில் புதிய டிரைவரை எங்கள் வீட்டுப் பெட்டியில் ஏற்றினேன். தந்தையாரின் தாரையில் மட்டும் உயர்ந்த ஒலிப்பகுதியைத் தூக்கியும் தாழ்ந்த பகுதியைச் சற்றே தணித்தும் வைத்தேன். தாரை தனியானதால் ஸ்பீக்கரில் கேட்பவர்க்கு அதனால் ஒரு மாறுதலும் இல்லை. செய்தி ஓடிற்று. அவர் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "கொஞ்சம் குறைத்து வை" என்றார். ஒலியைக் குறைக்கும்படி அவர் கேட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை.

சில மாதங்களில், 2020 மார்ச் 18ஆம் நாள், பெருந்தொற்றினால் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் அடைபட்டுப் பாடங்கள் வீட்டிற்கு வந்தன. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றே. தங்கை மகள் முன்புறத் துளையில் ஹெட்போனைச் செருகி ஆசிரியையின் பாடம் கேட்பாள். பின்புறத்தில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு நீண்ட கம்பியோடு தந்தையார் தம் ஹெட்போனைப் பொருத்தி, மின்னல் எஃப்.எம். செய்தி கேட்பார். ஒரே பெட்டி, ஒருபுறம் பின்னக் கணக்கு, மறுபுறம் நாட்டு நடப்பு. ஒன்று மற்றொன்றைத் தொடுவதில்லை. மூன்றாவது மாற்றி இல்லையே என்று அன்னையாரிடம் வருந்தினேன். "எனக்கெதற்கு? அடுப்படியில் என் ரேடியோ இருக்கிறது. அதற்கு டிரைவரும் வேண்டாம், கண்டக்டரும் வேண்டாம்" என்றார்.

தொழில் செய்யும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 'பெரும்பாலோர்க்குப் போதும்' என்னும் சொல்லைக் கையாளும்போதெல்லாம், எஞ்சிய சிறுபாலோர் யார் என்று ஒருமுறை பெயர் சொல்லிக் கேளுங்கள். எண்ணிக்கையாகப் பார்க்கும்வரை அவர்கள் சிறு பின்னமே. பெயர் சொல்லிப் பார்த்தால் அவர்களுள் ஒருவர் உங்கள் தந்தையாராக இருக்கக் கூடும். நம் மக்களுள் ஆலை இரைச்சலுக்குச் செவியைக் கொடுத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பைக் கொடுத்தோர் பலர். அப்படிப்பைக் கொண்டு நாம் செய்யும் பொருள்களில் அவர்களுக்கும் ஓர் இடம் வைப்பது தருமம் அன்று, கடன்.

2022 நவம்பர் 19ஆம் நாள் பதினைந்தாவது பொதுத்தேர்தல் வந்தது. மீண்டும் அதே கூடம். ஏறக்குறைய அதே மனிதர்கள். ஸ்பீக்கர் எல்லாருக்கும் பேசிற்று. தந்தையார் ஹெட்போனைச் செருகிக்கொண்டு தம் நாற்காலியில் அமர்ந்தார். எவர் குரலும் அடங்கவில்லை. எக்கூட்டணிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டாமல் அன்றிரவு இழுபறியாகவே சென்றது. ஒவ்வொரு தொகுதியின் முடிவு வந்தபோதும் நாங்கள் "ஆ!" என்ற அதே கணத்தில் அவரும் "ஆ!" என்றார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ அன்றிரவு முழுவதும் எங்கள் முகங்களை ஒருமுறையும் பார்க்கவில்லை.